அண்ணன் கொடுத்த சதை

நான் நைட்ரஜன் கொண்டுபோகிறவன். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கேஸ் கம்பெனி. அங்கே கேனில் பிடித்து, குட்டியானை வண்டியில் ஏற்றி, ஊர் ஊராகப் போய் ஊற்றிவிட்டு வருவேன். பார்க்கத் தண்ணீர் மாதிரிதான் இருக்கும். விரல் பட்டால் விரல் போய்விடும். அவ்வளவு குளிர். மூடியைத் திறந்தால் வெள்ளையாகப் புகை வழியும்.

பாதி லோடு மாட்டாஸ்பத்திரிகளுக்குப் போகும். காளை விந்து அடைத்த சினை ஊசிக் குச்சிகளை இதற்குள்தான் போட்டு வைப்பார்கள். எப்போதோ செத்துப்போன காளைக்கு ஆர்.கே.பேட்டையில் இன்றைக்குக் கன்று பிறக்கும். அதை நான் பெரிதாக நினைத்ததில்லை.

மீதி லோடு ஓர் ஆராய்ச்சிக் கூடத்துக்கு. இரும்பு உருக்கும் கம்பெனிகளைத் தாண்டி, தொழிற்பேட்டையின் கடைசியில் இருக்கிறது. புற்றுநோயைப் பற்றிப் படிக்கிற இடம். அங்கே ஒரு மேடம். திருவள்ளூர் டவுன்காரர். அப்பா பெருமாள் கோயிலில் கைங்கரியம் செய்கிறவர். மேடம் நோய் பிடித்த செல்லைக் கண்ணாடித் தட்டில் வளர்ப்பார். வேலைக்கு வேண்டாத நேரத்தில் அதை உறைய வைத்து, நான் ஊற்றுகிற நைட்ரஜனுக்குள் இறக்கி வைப்பார். தூங்குகிறது என்பார்.

நான் எட்டாவதோடு நின்றவன். அவர் சொன்னதைத்தான் எழுதுகிறேன். தப்பு இருந்தால் அது என்னுடையது.

நோயை எதற்கு வளர்க்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன்.

"தவளைக்குஞ்சுக்கு வால் இருக்குமே அண்ணா, அது எங்க போறது?"

"உழுந்துடும்."

"விழாது. அந்த வால்ல இருக்கற செல்லெல்லாம் தானாவே செத்துடும். சாகணும்னு உத்தரவு அதுக்குள்ளயே இருக்கு. நம்ம உடம்புலயும் தினம் அப்படித்தான். கெட்டுப்போன செல் சத்தமில்லாம தன்னை முடிச்சுக்கும்."

"நோய் செல்லு?"

"அதுக்குள்ளயும் உத்தரவு இருக்கு. கேக்காது. ஒரு புரதம் நடுவுல நின்னுண்டு தடுக்கறது. எப்படித் தடுக்கறதுன்னுதான் பார்த்துண்டிருக்கேன்."

கேனின் கழுத்தில் சில நேரம் ஐஸ் கட்டிக்கொள்ளும். உள்ளே இருப்பது வெளியே போக வழியிருக்காது. அப்படித்தான் போல என்று எடுத்துக்கொண்டேன். சரியா என்று கேட்கவில்லை.

எங்கள் ஊர் கவரைப்பேட்டைக்கு உள்ளே. அண்ணனுக்கு நெல் நிலம். சம்பாவும் நவரையும் போடுவார். பிள்ளை இல்லை. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அண்ணன், அண்ணி, நான், மூன்று பேருக்கும் ஒரே உலை.

அண்ணன் புகையிலையைக் கன்னத்தில் அடக்குகிறவர். நடவு நாளில் விடியலில் அடக்கினால் மத்தியானச் சோற்றுக்குத்தான் துப்புவார். அந்தக் கன்னத்தில் புண் வந்தது. வந்தது ஆறவில்லை. மேடத்திடம் சொன்னேன். போட்டோ எடுத்து வரச் சொன்னார். பார்த்ததும் எழுந்துவிட்டார். எந்த ஆஸ்பத்திரி, எந்த டாக்டர் என்று அவரே சொன்னார். போனும் செய்தார்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் வார்டுக்கு வந்தார். கட்டில் பக்கத்தில் நின்று கேட்டார்.

"ஐயா, நாளைக்கு வெட்டி எடுக்கறதுல ஒரு சின்னத் துண்டு எனக்கு வேணும். கட்டாயம் இல்லை. குடுக்காட்டாலும் உங்க வைத்தியத்துல ஒரு குறையும் வராது."

"எடுத்தது எங்கம்மா போவும்?" என்றார் அண்ணன்.

"பரிசோதனைக்குப் போகும். மிச்சத்தை எரிச்சுடுவாங்க."

"அப்ப நீயே வச்சிக்கோ. இன்னா பண்ணப் போறே?"

"வளர்ப்பேன்."

"வளப்பியா? சோறு இன்னா போடுவே?"

"கன்னுக்குட்டி ரத்தத்துலேந்து எடுத்த தெளிவு."

அண்ணன் என்னைப் பார்த்தார். "எனக்கு இங்க கஞ்சிதான் ஊத்துறானுங்க. அதுக்குப் பாரு, ரத்தமாம்."

பக்கத்துக் கட்டில்காரர் சிரித்தார். மேடமும் சிரித்துவிட்டார். அண்ணி சிரிக்கவில்லை. பிளாஸ்கை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

கன்னத்தில் பாதியும் தாடையில் கொஞ்சமும் எடுத்தார்கள். தொடையிலிருந்து தோலெடுத்து ஒட்டினார்கள். வீட்டுக்கு வந்தபிறகு அண்ணன் பேசுவது எனக்கும் அண்ணிக்கும் மட்டும்தான் புரிந்தது. எச்சில் ஒழுகும். துண்டை வாயிலேயே வைத்திருப்பார்.

கொடுத்த சதை பிடித்துக்கொண்டது என்று மேடம் சொன்னார். எல்லாருடையதும் பிடிக்காதாம். அண்ணன் பார்க்கக் கேட்டார். மேடத்தின் போனில் இருந்த படத்தை என் போனுக்கு வாங்கி வந்து காட்டினேன். சாம்பல் நிறத்தில், கல் பாவின தரை மாதிரி, ஒன்றோடொன்று ஒட்டி நிறைய இருந்தது. அண்ணன் நேரம் எடுத்துப் பார்த்தார். துண்டை எடுத்துவிட்டுச் சொன்னார்:

"என்னைவிட நல்லா கீதுடா."

பிறகு நோய் கழுத்தில் வந்தது. கரண்டு வைத்தார்கள்; கதிர் சிகிச்சையை ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். மருந்து ஏற்றினார்கள். நவரை அறுப்பை அவர் கட்டிலிலிருந்தே கேட்டார். மெஷின் சத்தம் நின்றதும், எத்தனை மூட்டை என்று விரலால் கேட்பார். களத்து நெல் வீட்டுக்கு வந்த வாரம் இறந்தார்.

கொள்ளி நான் வைத்தேன். பால் தெளித்து, எலும்பு பொறுக்கி, பழவேற்காட்டில் கடலில் கரைத்தோம்.

கரைத்துவிட்டு வந்த மறுநாள் மேடம் வந்தார். அண்ணி கூடத்தில் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். மேடம் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார். அப்புறம் சொன்னார்:

"அம்மா, அவர் முழுசாப் போயிடலை. அவர் குடுத்தது எங்கிட்ட உசுரோட இருக்கு. வளர்ந்துண்டே இருக்கு."

நல்ல மனதோடுதான் சொன்னார். சொல்லிவிட்டு எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்தார். சாவு வீட்டிலிருந்து கிளம்பும்போது வருகிறேன் என்று சொல்லக் கூடாது. யாரும் சொல்ல மாட்டார்கள். மேடமும் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் அண்ணி என்னைக் கூப்பிட்டார்.

"உசுரோட கீதுன்னு சொல்லிச்சே அந்தப் பொண்ணு. நெசமா?"

"நெசம்தான் அண்ணி."

"நீ பாத்தியா?"

"கண்ணுக்குத் தெரியாது. அந்தப் படம்தான். கொஞ்சத்தை வளக்குறாங்க, கொஞ்சத்தை ஒறைய வச்சிருக்காங்க."

"நீ ஊத்துற புகைக்குள்ளயா?"

"ஆமா."

வேறு கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாமோ என்னமோ. என்ன சொல்வது என்றும் தெரியவில்லை.

கருமாதி வந்தது. அண்ணியின் அண்ணன் ஆர்.கே.பேட்டையிலிருந்து கோடிப் புடவையோடு வந்தார். நான் அவரை மாமா என்பேன். காரியம் முடிந்து, பெண்கள் அண்ணியை நடுக்கூடத்தில் உட்கார வைத்தார்கள். சொம்பில் பால் வைத்திருந்தது. எங்கள் பக்கம் தாலியைக் கழற்றிப் பாலில்தான் போடுவார்கள்.

அண்ணி கயிற்றைக் கையால் மூடிக்கொண்டார்.

"கழட்ட மாட்டேன்."

அழுகையில் சொல்கிறார் என்று நினைத்தார்கள். அண்ணி அழவில்லை.

"இன்னாம்மா இது?" என்றார் மாமா. "செய்யறதைச் செஞ்சிட்டா முடிஞ்சிது. ஜனங்கள்லாம் குந்திக்கினு கீறாங்க பாரு."

"ஒரு பங்கு உசுரோட கீதுண்ணா."

"எது?"

"அவரு ஒடம்புல ஒரு பங்கு. கம்பெனி ஏரியாவுல கீது. தம்பியைக் கேளு."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். தலையை ஆட்டினேன்.

"அதுக்கு இன்னா இப்போ?"

"பாதி புருசனுக்குப் பாதித் தாலியாண்ணா கழட்டுவாங்க? நீயே சொல்லு, எந்தப் பாதின்னு. அதைக் கழட்டித் தரேன்."

வயதான ஒருத்தி எழுந்து பால் சொம்பை எடுத்துப்போய் வாழை மரத்தடியில் ஊற்றினாள்.

கை கழுவுகிற இடத்தில் மாமா என்னைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னா நைனா, பேஜாரு பண்ணி வச்சிக்கிறீங்க. அந்தப் புகையை ஊத்துறது நீதானே?"

"ஆமா மாமா."

"ஊத்தாதே. வண்டி ரிப்பேருன்னு சொல்லு. கொஞ்ச நாள் போனா அது தானா முடிஞ்சிடும். இவளும் கழட்டிடுவா."

உறைய வைத்த பங்குக்கு அது நடக்கக்கூடியதுதான். நைட்ரஜன் நிற்காது. திறந்தாலும் மூடினாலும் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றோடு போய்விடும். நான் போகாவிட்டால் மேடத்தின் தொட்டி காய்ந்துவிடும்.

"அண்ணன் குடுத்தது மாமா. நான் எடுக்க முடியாது."

"உங்க அண்ணன் குடுத்தாரு. என் தங்கச்சி இல்ல அனுபவிக்கிறா!"

அவர் கைக்குத் தண்ணீர் மொண்டு ஊற்றினேன்.

அவர் சொன்னது உண்மைதான். அண்ணி பொட்டும் தாலியுமாகத் தெருவில் நடந்தால் பெண்கள் குழாயடியில் பேச்சை நிறுத்தினார்கள். பக்கத்து வீட்டு நிச்சயதார்த்தத்துக்கு வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. அண்ணி அன்று முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார். எந்தப் பக்கமும் சேராமல் இருந்தார். பழையபடி மூன்று பேருக்கும் உலை வைத்து, மூன்றாவது பங்கை ராத்திரி மாட்டுக்கு ஊற்றினார்.

லோடு நாள் வந்ததும் போனேன். கையுறை மாட்டித் தொட்டியைத் திறந்து ஊற்றினேன். புகை அடங்குகிற வரைக்கும் நின்றேன். அப்புறம் மேடத்திடம் நடந்ததைச் சொன்னேன்.

மேடம் நாற்காலியில் உட்கார்ந்தார். கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார்.

"ஆறுதலா இருக்குமேன்னு சொன்னேன் அண்ணா."

"தெரியும் மேடம்."

"அவர் செல்லை வச்சுதான் இப்ப எல்லாம் பண்ணிண்டிருக்கேன். தடுக்கற புரதம் அவரோடதுல அவ்வளவு தெளிவா இருக்கு. வேற யாரோடதும் இந்த மாதிரி வரலை." என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஆனா அம்மா வேண்டாம்னு சொன்னா, மருந்து ஊத்தி எல்லாத்தையும் அழிச்சுடறேன். ஒறைய வச்சதையும். அவங்களையே கேட்டுச் சொல்லுங்கோ. நீங்களா முடிவு பண்ணாதீங்கோ."

வீட்டில் அப்படியே சொன்னேன். அண்ணி முறத்தைக் கீழே வைத்தார்.

"நான் பாக்கணும். பாத்துட்டுச் சொல்றேன்."

அடுத்த லோடுக்கு அண்ணியை முன்சீட்டில் ஏற்றிக்கொண்டு போனேன். நைட்ரஜன் கசிந்தால் மூச்சடைக்கும், கண்ணாடியை ஏற்ற வேண்டாம் என்றேன். பின்னால் கேன்கள் ஆடின. இரும்புக் கம்பெனிப் பக்கம் வந்ததும் அண்ணி முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார்.

மேடம் வாசலில் நின்றிருந்தார். செருப்பு மாற்றச் சொல்லி, வெள்ளைக் கோட்டு ஒன்றைப் போட்டு உள்ளே கூட்டிப் போனார். பெட்டி மாதிரி ஒன்றைத் திறந்து தட்டை எடுத்தார். உள்ளங்கை அகலம். உள்ளே இளஞ்சிவப்பாகத் தண்ணீர். அவ்வளவுதான் தெரிந்தது.

மைக்ராஸ்கோப்பில் குனிந்து பார்க்க அண்ணிக்கு வரவில்லை. இமை அடித்துக்கொண்டே இருந்தது. மேடம் திரையில் போட்டார். படத்தில் பார்த்த அதே கல் பாவின தரை. இப்போது இன்னும் நெருக்கம்.

அண்ணி திரைக்கு முன்னால் நின்றார்.

"இது அவராம்மா?"

மேடம் திரையிலிருந்து திரும்பினார். அண்ணியின் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

"இல்லைம்மா. அவர்கிட்டேர்ந்து வந்ததுதான். ஆனா இது அவர் இல்லை. இதுதான் அவரைத் தின்னது."

"அன்னிக்கு உசுரோட கீறாருன்னே."

"உசுரோட இருக்குன்னு சொன்னேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. தப்புதான்."

நான் கோபம் வரும் என்று நினைத்தேன். அண்ணி திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"அவரு வாயில ஒரு பருக்கை எறங்கல. இதுக்குச் சோறு போட்டு வளக்குறியே. எதுக்கு?"

"இது எப்படிச் சாகும்னு தெரிஞ்சுக்கணும். அதுக்குத்தான்."

"தெரிஞ்சிதா?"

"கொஞ்சம்."

"காட்டு."

மேடம் என்னைப் பார்த்தார். வேறொரு தட்டை எடுத்து வந்தார். அதே செல்தானாம். தடுக்கிற புரதத்தைப் பிடித்து நிறுத்துகிற மருந்தை முந்தின நாள் போட்டிருந்தாராம்.

திரையில் தரை பெயர்ந்திருந்தது. ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சுருங்கி உருண்டையாகக் கிடந்தது. மேலே சின்னச் சின்னக் கொப்புளம். கொதிக்கிற கஞ்சியில் எழும்புகிற மாதிரி எழும்பி, ஒவ்வொரு கொப்புளமாகக் கழன்று மிதந்தது. பக்கத்திலேயே சில ஒன்றும் ஆகாமல் ஒட்டிக்கொண்டு இருந்தன.

"அதுங்க?" என்றார் அண்ணி.

"அது இன்னும் கேக்க மாட்டேங்கறது. அதுக்கு வேற ஏதோ உதவி பண்றது. அதைத்தான் தேடறேன்."

"சாவுறதை யாரு கொல்றாங்க? மருந்தா?"

"இல்லைம்மா. மருந்து தடுப்பை மட்டும்தான் எடுக்கும். அப்புறம் அதுவே தன்னை முடிச்சுக்கும்."

அண்ணி கிட்டே போனார். திரையில் ஓர் உருண்டை மெதுவாக உடைந்துகொண்டிருந்தது. அது உடைந்து முடிகிறவரை பார்த்தார்.

"வலிக்குமா இதுக்கு?"

"வலிக்காதும்மா. வலி தெரியற உறுப்பு அதுக்குக் கிடையாது."

"அவருக்கு வலிச்சிது."

மேடம் தலையைக் குனிந்துகொண்டார். கடைசி நாட்களில் அண்ணன் சுவரைக் கையால் அடிப்பார். கத்த வாய் வராது என்பதால் அடிப்பார். அந்தச் சுவர் எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

மேடம் சொன்னார்: "நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்கோ. இப்பவே, உங்க முன்னாடியே எல்லாத்தையும் அழிச்சுடறேன்."

அவர் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. கைதான் தட்டின் விளிம்பை விடவில்லை.

அண்ணி இரண்டு தட்டையும் பார்த்தார். அந்தக் கையையும் பார்த்தார்.

"நீயா ஊத்திக் கொல்லாதே. அதுவா சாவுற வரைக்கும் வச்சிக்கினு பாரு. ஒண்ணு பாக்கியில்லாம சாவணும். எப்படின்னு கத்துக்கோ. அப்புறம் இன்னொருத்தி ஊட்ல வந்து அதைச் சொல்லு. இதைச் சொன்ன மாதிரி சொல்லாதே."

"சரிம்மா."

அண்ணி வெள்ளைக் கோட்டைக் கழற்றி மடித்து மேசைமேல் வைத்தார். திரையை இன்னொரு தரம் பார்த்தார். திரும்பி நடந்தார். வருகிறேன் என்று சொல்லவில்லை.

மேடம் வாசல்வரை வந்தார். அவரும் வாங்கோ என்று சொல்லவில்லை. லோடு இறக்கிவிட்டு எப்போதும் நான் சொல்கிற வார்த்தை ஒன்று உண்டு, "வரேன் மேடம்" என்று. அன்று காலிக் கேனைத் தூக்கிக்கொண்டு பேசாமல் போனேன்.

கவரைப்பேட்டை கடைத்தெருவில் அண்ணி வண்டியை நிறுத்தச் சொன்னார்.

"பால் வாங்கணும்."

"மாடு கீதே அண்ணி."

"அது சினை. கறவை நின்னுபோச்சு. உனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியவில்லை. எப்போது நின்றது என்றும் தெரியவில்லை. இறங்கிப்போய் ஒரு பாக்கெட் வாங்கி வந்தார். மடியில் வைத்துக்கொண்டார். டீக்குத்தானா என்று கேட்க வாயெடுத்தேன். அவர் கை கயிற்றின்மேல் இருந்தது. கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து பின்பக்கம் போய்த் தலைக்கு ஊற்றிக்கொண்டார். ஈரத்தோடு உள்ளே போய் அடுப்படிக் கதவைச் சாத்தினார். சொம்பு வைக்கிற சத்தம் கேட்டது. நான் வெளியே வண்டியில் உட்கார்ந்திருந்தேன். ஒரு கேனில் கொஞ்சம் மீதி இருந்தது. மூடியைச் சுற்றிப் புகை வழிந்து, தரையைத் தொடுவதற்குள் காணாமல் போனது.

கதவு திறந்தது. அண்ணி ஈரத்தலையோடு வாசலில் வந்து நின்றார். கழுத்தைப் பார்க்காமல் காலைப் பார்த்தேன்.

"நாளைக்கு எந்தப் பக்கம் லோடு?"

"ஆர்.கே.பேட்டை."

"எங்கண்ணனைப் பாத்தா சொல்லிடு."

சொல்லிவிடுகிறேன் என்றேன். அன்று இரவு உலையில் இரண்டு பேருக்குத்தான் அரிசி போட்டார்.